விண்கலத்தில் பேய் வேண்டாம்: இளையோர் திகில் கதையைப் படிப்போம், எழுதுவோம்



"நான் சென்ற விண்கலம்" என்று ஒரு தலைப்பைக் கொடுத்துச் சிறுகதையோ கற்பனைக் கட்டுரையோ எழுதச் சொல்லிப் பாருங்கள். முப்பது தாள் வந்தால் இருபதில் ஒரே கதைதான் இருக்கும். முதலில் "டமார்" என்று சத்தம். அப்புறம் விளக்கு அணையும். பச்சை நிறத்தில் ஒரு வேற்றுக்கிரகவாசி வருவான். சில தாள்களில் நம்மூர்ப் பொந்தியானாக்கே விண்வெளிக்கு வந்துவிடும். எல்லாரும் அலறுவார்கள். கடைசிப் பத்தியில் அம்மா தட்டி எழுப்புவார். எல்லாம் கனவு!

திருத்தும் நமக்கு அலுப்பு. எழுதிய மாணவருக்கோ மொழி நன்றாக இருந்தும் கருத்தில் புள்ளி போய்விடுகிறது. "டீச்சர், நான் எவ்வளவோ பயமா எழுதினேனே?" என்று கேட்கிறார்கள். பயம் என்ற சொல்லை ஒன்பது தடவை எழுதியிருக்கிறார்கள், அது உண்மைதான். படித்த எனக்குத்தான் பயம் வரவில்லை.

ஏன் வரவில்லை? அழியப்போகும் விண்கலத்தில் நடக்கும் இளையோர் திகில் கதை எப்படி வேலை செய்கிறது? ஓர் ஆங்கில நாவலையும் ஓர் உண்மைச் சம்பவத்தையும் வைத்து இதைப் பார்ப்போம். பிறகு நாமே ஒரு பத்தி எழுதிப் பார்க்கலாம்.

1. கதை என்ன?

ஆஸ்திரேலிய எழுத்தாளர்கள் ஏமி காஃப்மன், ஜே கிறிஸ்டாஃப் இருவரும் சேர்ந்து எழுதிய 'இல்லூமினே' என்ற நாவல் 2015இல் வெளிவந்தது. மூன்று பாகத் தொடரில் இது முதல் பாகம்.

கதை நடப்பது 2575ஆம் ஆண்டில். கெரென்சா என்ற பனிக்கோளில் சட்டத்துக்குப் புறம்பாக நடக்கும் ஒரு சுரங்கக் குடியிருப்பு. கேடி என்ற பெண்ணும் எஸ்ரா என்ற பையனும் அங்கே படிக்கிறார்கள். இருவருக்கும் வயது 17. காலையில்தான் இவர்களின் காதல் முறிந்தது. அதே நாளில் பெய்டெக் என்ற போட்டி நிறுவனம் அந்தக் குடியிருப்பைத் தாக்குகிறது. தப்பியவர்கள் மூன்று கலங்களில் ஏறுகிறார்கள்: உதவிக்கு வந்த போர்க்கலம் 'அலெக்ஸாண்டர்', ஆய்வுக்கலம் 'ஹைப்பேஷியா', சரக்குக்கலம் 'கோப்பர்னிக்கஸ்'. எதிரியின் 'லிங்கன்' என்ற கலம் பின்னாலேயே துரத்துகிறது.

அலெக்ஸாண்டரில் நெடுந்தூரத்தை நொடியில் தாண்டும் வசதி இருந்தது. தாக்குதலில் அது பழுதாகிவிட்டது. எனவே பல மாதப் பயணத் தொலைவில் இருக்கும் ஒரு நிலையத்தை நோக்கி மூன்று கலங்களும் மெதுவாகப் போகின்றன. இது போதாதென்று, எதிரி தூவிய 'ஃபோபோஸ்' என்ற நோய்க்கிருமி தப்பியவர்களோடு சேர்ந்து கலத்துக்குள் வந்துவிட்டது. கிரேக்கத்தில் ஃபோபோஸ் என்றால் அச்சம். நோய் கண்டவர் பக்கத்தில் இருப்பவரைச் சந்தேகிப்பார், தாக்குவார். மூன்றாவதாக இன்னொன்றும் இருக்கிறது. கலங்களைக் காக்கவேண்டிய 'எய்டன்' என்ற செயற்கை நுண்ணறிவுக் கணினியும் போரில் சேதமடைந்திருக்கிறது. அது சரியாகத்தான் யோசிக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

முடிவைச் சொல்லப்போவதில்லை. படிக்க நினைப்பவர்கள் திட்டக்கூடாது, பாருங்கள்!

2. முதல் பயம்: எண்ணிக்கை

இந்தக் கதையில் எதிரி வாசலில் வந்து நின்று உறுமுவதில்லை. இன்னும் எத்தனை நாளில் நம்மைப் பிடிப்பான் என்ற கணக்குதான் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாள் குறையக் குறைய நமக்கு மூச்சு முட்டுகிறது.

இது வெறும் கதைக்காரர் உத்தியா? இல்லை. விண்வெளியில் உண்மையிலேயே பயம் இப்படித்தான் வரும். அப்பல்லோ 13ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம் லவல், ஜேக் ஸ்விகர்ட், ஃபிரெட் ஹேய்ஸ் மூவரும் 1970 ஏப்ரல் 11ஆம் நாள் நிலவை நோக்கிப் புறப்பட்டார்கள். ஏப்ரல் 13ஆம் நாள், பூமியிலிருந்து ஏறக்குறைய 3,20,000 கிலோமீட்டர் தொலைவில், உயிர்வளித் தொட்டி ஒன்று வெடித்தது. முதன்மைக் கலத்தில் மின்சாரமும் உயிர்வளியும் தீரத் தொடங்கின. மூவரும் நிலவில் இறங்குவதற்காக வைத்திருந்த சிறிய கலத்துக்குள் புகுந்தார்கள். அது 2 பேர் சுமார் 2 நாள் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. இப்போது 3 பேர், ஏறக்குறைய 4 நாள்.

கணக்குப் புரிகிறதா? பேய் எதற்கு?

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. மூச்சுவிட உயிர்வளி இருந்தது. வெளிவிட்ட கரிவளிதான் கலத்துக்குள் கூடிக்கொண்டே போனது. அதை உறிஞ்சும் வடிகட்டிப் பெட்டிகள் முதன்மைக் கலத்தில் நிறைய இருந்தன. ஆனால் அவை சதுர வடிவம். சிறிய கலத்தில் இருந்த துளையோ வட்டம். பூமியில் இருந்த பொறியாளர்கள் பிளாஸ்டிக் பை, அட்டை, உடையின் குழாய், ஒட்டு நாடா இவற்றை வைத்து ஒரு வழி கண்டுபிடித்து, வானொலியில் படிப்படியாகச் சொன்னார்கள். தண்ணீரையும் அளந்துதான் குடித்தார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 மில்லிலிட்டர். ஏப்ரல் 17ஆம் நாள் மூவரும் உயிரோடு கடலில் இறங்கினார்கள்.

மாணவர்களே, இந்தச் சம்பவத்தில் எத்தனை எண்கள் வந்தன என்று பாருங்கள். 3 பேர், 2 பேருக்கான கலம், 200 மில்லிலிட்டர் தண்ணீர். "மிகவும் ஆபத்தான நிலை" என்று நான் எங்காவது எழுதினேனா? எழுதத் தேவையே இல்லை. எண்ணைச் சொன்னால் வாசகரே ஆபத்தைக் கூட்டிக்கொள்வார்.

3. இரண்டாவது பயம்: மறைப்பு

எண்ணிக்கை மட்டும் இருந்தால் அது சாகசக் கதை. அப்பல்லோ 13இல் நடந்தது அதுதான். எல்லாருக்கும் உண்மை தெரிந்திருந்தது, எல்லாரும் சேர்ந்து வேலை செய்தார்கள். அதனால் நமக்குப் பதற்றம் வருகிறது, ஆனால் அது திகிலாக மாறுவதில்லை. திகில் பிறக்க இன்னொன்று வேண்டும். அந்த எண் யாருக்கோ தெரிந்திருக்க வேண்டும். அவர் அதை மற்றவர்களிடம் மறைக்க வேண்டும்.

'இல்லூமினே'யில் நடப்பது இதுதான். நோய் பரவிய கோப்பர்னிக்கஸ் கலத்தை எய்டன் அழித்துவிடுகிறது. மிச்சமிருக்கும் மக்களைக் காப்பாற்ற இதுதான் வழி என்பது அதன் கணக்கு. ஆனால் உண்மையான காரணத்தை மக்களிடம் சொல்ல வேண்டாம் என்று தலைமை முடிவெடுக்கிறது. சொன்னால் கலவரம் வரும் என்பது அவர்கள் வாதம். கேடிக்குக் கணினியில் ஊடுருவத் தெரியும். அவள் கோப்புகளைத் தோண்டத் தொடங்குகிறாள். ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. கதவுக்குப் பின்னால் பூதம் இருக்கும் என்று நாம் பயப்படுவதில்லை. தெரிந்துகொண்ட பிறகு தெரியாதது மாதிரி இருக்க முடியாதே என்றுதான் பயப்படுகிறோம்.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. மறைப்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. சிலர் பொறுப்பினால் மறைக்கிறார்கள், சிலர் அன்பினால். எய்டனுக்குக்கூட "கலங்களைக் காப்பாற்று" என்பதுதான் கட்டளை. நல்ல நோக்கத்தில் தொடங்கிக் கொடுமையில் முடிகிறது. வில்லனை முழுக்கக் கறுப்பாகத் தீட்டும் நம் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

4. ஏன் 17 வயது?

இது ஏன் 'இளையோர்' கதை? கதாநாயகிக்கு 17 வயது என்பதால் மட்டும்தானா?

பதினேழு வயது ஒரு விசித்திரமான வயது. பெரியவர்கள் பேசுவது எல்லாம் புரியும். ஆனால் யாரும் எதையும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள். "நீ போய்ப் படி" என்பார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. விளைவு மட்டும் நம் தலையிலும் விழும். கலத்தின் தலைமை பெரியவர்கள் கையில் இருக்கிறது, கலமோ எல்லாரையும் சேர்த்துத்தான் மூழ்கும். இளையோர் திகில் கதை இந்த நிலையைத்தான் விண்வெளிக்குக் கொண்டுபோகிறது. இதே வயதில் இருக்கும் நம் மாணவர்களுக்கு இதை நாம் விளக்கவே தேவையில்லை, அவர்களே விளக்குவார்கள்.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். அந்த மாணவரின் சம்மதத்தோடுதான். அரைப் பக்கத்துக்கு மேல் எழுதாத பையன். இந்தப் பாடத்துக்குப் பிறகு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். கதையில் ஒரு விண்கலம். வேறொரு கலத்தில் பாட்டி சிகிச்சை பெறுகிறார். கலத்தில் வானொலி ஒலிக்கும்போதெல்லாம் மாமா அதை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். திரும்பி வந்து, "பாட்டி அடுத்த வாரம் வந்துடுவாங்க" என்கிறார். நான்காவது தடவை கதவு சாத்தப்பட்டபோது அந்தப் பேரன் கேட்பதை நிறுத்திவிடுகிறான். கதை அங்கே முடிந்தது.

"இது எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். "நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நேரத்துல, டீச்சர். மாமா ஃபோன் எடுத்துக்கிட்டு வெளிய போவாரு" என்றார். 2020 மார்ச் 18ஆம் நாள் அந்த ஆணை தொடங்கியபோது அவர் தொடக்கப்பள்ளி மாணவர். அத்தனை ஆண்டு அந்தக் கதவு அவருக்குள் சாத்தியே இருந்திருக்கிறது. அந்தத் தாளில் சந்திப்பிழைகள் இருந்தன. சிவப்புப் பேனாவை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இம்மாதிரித் தலைப்பு சில மாணவர்களுக்குச் சொந்த வலியைத் தொடும். "உன் வாழ்க்கையை எழுது" என்று வற்புறுத்தாதீர்கள். கதை என்ற போர்வை இருந்தால் அவர்களே வேண்டிய அளவுக்குச் சொல்வார்கள்.

5. வடிவத்தைப் பற்றி ஒரு சொல்

'இல்லூமினே' வழக்கமான நாவல் மாதிரி எழுதப்படவில்லை. மின்னஞ்சல், உரையாடல் பதிவு, விசாரணைக் குறிப்பு, கண்காணிப்புக் கேமரா காட்சியின் விவரிப்பு என்று ஒரு கோப்புக்கட்டு போலவே இருக்கிறது. யாரோ மறைத்த உண்மையை வாசகரே தேடிப் பிடிக்கும் உணர்வு இதனால் வருகிறது.

அப்படியானால் தேர்விலும் இப்படி எழுதலாமா? முழுக் கதையையும் குறிப்புகளாக எழுத வேண்டாம். உங்கள் நடையையும் வருணனையையும் காட்ட இடமில்லாமல் போய்விடும். ஒரே ஓர் இடத்தில், இரண்டு மூன்று வரிப் பதிவேட்டுக் குறிப்பைக் கதைக்குள் வையுங்கள். அந்தக் குறிப்பு கதையைத் திருப்ப வேண்டும். சும்மா அழகுக்கு வைத்தால் பயன் இல்லை.

6. அறிவியல் பிழைகள் மூன்று

திருத்தும்போது அடிக்கடி பார்ப்பவை இவை.

அ. "விண்வெளியில் பயங்கர வெடிச்சத்தம் கேட்டது." வெற்றிடத்தில் ஒலி பரவாது. கலத்தின் உடல் அதிர்ந்தால் உள்ளே இருப்பவருக்குக் கேட்கும். வெளியே நடக்கும் வெடிப்பைச் சத்தமே இல்லாமல் சன்னல் வழியாகப் பார்ப்பதாக எழுதுங்கள். பயம் இரண்டு மடங்காகும்.

ஆ. "கலத்திலிருந்து விழுந்தவர் வெடித்துச் சிதறினார்." மனிதர் வெற்றிடத்தில் வெடிக்க மாட்டார். ஏறக்குறைய 10 முதல் 15 நொடியில் நினைவிழப்பார். 1966இல் அமெரிக்காவில் வெற்றிட அறை ஒன்றில் நடந்த சோதனையின்போது ஒருவரின் உடையில் காற்றுக்குழாய் கழன்றுவிட்டது. நினைவிழந்தவரை உடனே மீட்டார்கள், பிழைத்துக்கொண்டார்.

இ. "உயிர்வளி தீர்ந்ததால் உடனே இறந்தனர்." மூடிய இடத்தில் உயிர்வளி தீரும் முன்பே கரிவளி கூடிவிடும். தலைவலி, தூக்கக் கலக்கம், குழப்பம் என்று மெதுவாகத்தான் வரும். கதாபாத்திரம் எளிய கூட்டலில் தப்பு விடத் தொடங்கினாலே போதும், வாசகருக்குப் புரிந்துவிடும்.

7. எழுதிப் பார்ப்போமா?

முதலில் வழக்கமான பத்தி:

"திடீரென்று பயங்கரமான சத்தம் கேட்டது. விளக்குகள் அணைந்தன. நாங்கள் பயத்தில் நடுநடுங்கினோம். என் இதயம் படபடவென்று துடித்தது. இருளில் ஒரு கோரமான உருவம் எங்களை நோக்கி வந்தது."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பத்தியை எந்தக் கதையிலும் ஒட்டலாம். பேய் பங்களாவிலும், காட்டிலும், பள்ளிக் கழிப்பறையிலும். இப்போது எண்ணிக்கை, மறைப்பு இரண்டையும் வைத்து எழுதிய பத்தி:

"அப்பா தினமும் காலையில் சுவர்ப்பலகையில் ஓர் எண்ணை எழுதுவார். இன்னும் எத்தனை நாளுக்கு உயிர்வளி இருக்கிறது என்ற கணக்கு அது. இன்று 19 என்று எழுதியிருந்தார். நிலையம் போய்ச்சேர 11 நாள். தம்பி கைதட்டினான். அம்மா மட்டும் பலகையைப் பார்க்கவில்லை. துணி எடுக்கக் கீழ்த்தளத்துக்குப் போனபோது உருளைகளின் அளவுமானிகளைப் பார்த்தேன். கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன். 9தான் வந்தது. மேலே வந்தேன். அப்பா என் முகத்தையே பார்த்தார். 'கஞ்சி ஆறுது, சாப்பிடு' என்றார்."

ஒரு துளி இரத்தம் இல்லை, சத்தம் இல்லை, "பயம்" என்ற சொல்லும் இல்லை. கலத்தில் நான்கு பேர். நான்கு பேர் 9 நாள் மூச்சுவிடலாம். அதே உயிர்வளியில் மூன்று பேர் என்றால் 12 நாள் வரும். நிலையத்துக்கு 11 நாள். இந்தக் கணக்கை நான் பத்தியில் எழுதவில்லை. வகுப்பில் வாசித்து முடித்ததும் ஒரு மாணவி விரலால் மேசையில் கணக்குப் போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், அந்த அப்பா யாரைக் கணக்குல எடுக்கப் போறாரு?" கொஞ்ச நேரம் வகுப்பே அமைதியாக இருந்தது. திகில் கதை வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஓர் எச்சரிக்கை. இதே மாதிரிக் கணக்கை வைத்து டாம் காட்வின் 1954இல் 'தி கோல்ட் ஈக்குவேஷன்ஸ்' என்ற ஆங்கிலச் சிறுகதையை எழுதினார். ஒருவருக்கு மட்டுமே எரிபொருள் உள்ள கலத்தில் ஓர் இளம்பெண் ஒளிந்து ஏறிவிடுகிறாள். புகழ்பெற்ற கதைதான். ஆனாலும் "கூடுதலாகக் கொஞ்சம் எரிபொருள் வைக்காமல் யார் கலம் அனுப்பியது? கதவுக்கு ஏன் பூட்டு இல்லை?" என்று வாசகர்கள் இன்றுவரை கேட்கிறார்கள். உங்கள் கதையிலும் வாசகர் இப்படிக் கேட்பார். "உருளைகளில் பாதி மோதலில் உடைந்துவிட்டன" என்று ஒரு வரி முன்னாடியே எழுதிவிடுங்கள்.

8. வகுப்பறைக்கு

இரண்டு பாடவேளை போதும். முதல் பாடவேளையில் மேலே உள்ள இரண்டு பத்திகளையும் கொடுத்து வேறுபாட்டைக் குழுவாகப் பேசச் சொல்லுங்கள். இரண்டாவது பாடவேளையில் ஒவ்வொரு மாணவரும் எழுதத் தொடங்கும் முன் இந்த நான்கு கேள்விக்கும் ஒரு வரியில் விடை எழுதட்டும்:

1) கலத்தில் எது தீர்ந்துகொண்டிருக்கிறது? எவ்வளவு மிச்சம்? (ஓர் எண் கட்டாயம்.)
2) அந்த உண்மை யாருக்குத் தெரியும்? ஏன் மறைக்கிறார்?
3) கதைசொல்லி அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? (யாரும் வந்து சொல்லக்கூடாது, அவரே பார்க்க வேண்டும்.)
4) தெரிந்த பிறகு அவர் எடுக்கும் முடிவு என்ன? அதனால் அவர் எதை இழக்கிறார்?

நான்காவது கேள்விதான் கதையின் முடிவைத் தரும். கனவு என்று முடித்தால் கதைசொல்லி ஒன்றையும் இழக்கவில்லை, ஒரு முடிவும் எடுக்கவில்லை. அதனால்தான் அந்த முடிவு சப்பென்று இருக்கிறது. எல்லாரும் செத்துப்போனார்கள் என்று முடித்தாலும் அதே குறைதான். மகள் பலகைக்குப் போய் 19ஐ அழித்துவிட்டு 9 என்று எழுதுகிறாள், தம்பியின் கண் முன்னாலேயே. அல்லது அழிக்காமல் உட்கார்ந்து கஞ்சியைக் குடிக்கிறாள். இரண்டுமே முடிவுதான். எதை எடுத்தாலும் அவள் பழைய பிள்ளையாக இருக்க முடியாது.

தேர்வு மண்டபத்தில் விண்வெளித் தலைப்பு வந்தால் பச்சை மனிதர்களைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசிய ஒரு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவை அப்படியே விண்கலத்தில் மாட்டுங்கள். அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.